வங்கக் கடல் மீன் மாளிகை

உத்திரமேரூர் மக்களின் நாவுக்கும் வங்கக் கடலுக்கும் ஆயிரம் ஆண்டுகளாக இருந்துவந்த பிரிவு, 2003ஆம் ஆண்டு சித்திரை முதல் நாள் காலை ஏழரை மணிக்கு முடிவுக்கு வந்தது. திறப்பு விழாவில் பாண்டுரங்கன் அப்படித்தான் பேசினான். கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

கடையின் பெயர் ‘வங்கக் கடல் மீன் மாளிகை’. மாளிகை எட்டடிக்குப் பத்தடி. போர்டில் ஒரு கப்பலும் ஒரு சுறாவும். பெயின்டர் கோபால் சுறாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அது கொஞ்சம் எருமை ஜாடையில் வந்திருந்தது. பாண்டுரங்கனுக்கு அது தெரியவில்லை. அவன் அதைப் பார்த்ததெல்லாம் பெருமையோடு மட்டும்தான். கல்யாணத்துக்கு முன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நாலு மாதம் ஐஸ் உடைத்தவன் அவன். அந்த நாலு மாதத்தை நாற்பது வருஷம்போலச் சொல்லத் தெரியும்.

“ஏரி மீனு இந்தப் பலகை மேல ஏறவே ஏறாது!” என்று பேச்சை முடித்தான்.

தட்டோடு நின்ற அவன் மனைவி சிட்டம்மாள் கற்பூரத்தை ஏற்றினாள். பன்னிரண்டு வருஷமாக மார்க்கெட் ஓரத்தில் அன்னக்கூடையை வைத்துக்கொண்டு ஏரி மீன் விற்றுத்தான் அவள் குடும்பத்தை நடத்தினாள். போலீஸ் ஜீப் வந்தால் எழுந்து ஓட வேண்டும். மழை வந்தால் மீனுக்குத் தன் முந்தானை. இப்போது தலைக்கு மேல் கூரை, கைக்கெட்டும் தூரத்தில் குழாய். ‘எழுந்திரு’ என்று சொல்ல ஆளில்லை. கடலா ஏரியா என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

இடத்துக்குச் சொந்தக்காரர் ரைஸ்மில் கிருஷ்ணசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “ஒரு வாரம் ஷட்டர் எறங்கிக் கெடந்தா சாவிய குடுத்துட்ணும். பூட்டின கடை எனக்கு ஆவாது. ஜெராக்ஸ்காரன் வேற காத்துக்கினு கீறான்.”

வருஷப் பிறப்பன்று கத்தியெடுக்க வேண்டாமென்று பூசையோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் விடிகாலை பாண்டுரங்கன் பஸ் ஸ்டாண்டில் மீன் வரும் ஐஸ் பெட்டிக்காகக் காத்திருந்தான். மூன்று பஸ் வந்தது, பெட்டி வரவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து காசிமேட்டுக்குப் போன் போட்டான்.

“இன்னா நைனா, வெளையாட்றியா?” என்றான் அங்கிருந்த ஏஜென்ட். “இன்னிலேர்ந்து நாப்பத்தஞ்சு நாளு பெரிய போட்டு எதுவும் கடலுக்குப் போவாது. மீனு முட்டை வெக்கிற சீசனு. கெவர்மென்டு தடை. கடல் மீனு யாவாரம் பண்றவனுக்கு இது தெரியாதா?”

“தெரியும், தெரியும். செக் பண்ணேன்,” என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

ஊரில் அவன் தடை என்று சொல்லவில்லை. அந்தமான் பக்கம் புயல் என்றான். கேட்டவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேகம் ஒரு பொட்டுகூட இல்லை. சிட்டம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னான்.

“அப்ப ஏரி மீனைப் போடலாம்யா. தண்ணி வத்திக்கினு கீது, வலை போட்டா மீனா கொட்டுது. எங்கண்ணன் குடுப்பான்.”

“ஊரே கேக்க சொன்னேன் மே. சிரிப்பானுங்க.”

“பூட்டிக்கினு கெடந்தா மட்டும் சிரிக்க மாட்டானுங்களா?”

பாண்டுரங்கன் எழுந்து வெளியே போனான். புயலை இன்னும் நாலு நாள் ஓட்டினான். ஷட்டர் இறங்கிய ஆறாம் நாள் சாயங்காலம், நாளைக்குச் சாவி வேண்டுமென்று ரைஸ்மில்லிலிருந்து ஆள் வந்தது.

ஏழாம் நாள் காலை பாண்டுரங்கன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். சாவியைக் கம்பீரமாக நீட்டி நாலு வார்த்தை பேசுவதற்கும் தயாராகிவிட்டான். ஆணியில் பார்த்தால் சாவியைக் காணோம். சிட்டம்மாளையும் காணோம்.

கடைக்கு ஓடினான். ஷட்டர் ஏறியிருந்தது. அவள் முதல் பஸ்ஸில் சாலவாக்கம் போய்த் தன் அண்ணன் புருஷோத்தமனிடம் வாங்கிவந்த விராலும் கெண்டையும் அலுமினியத் தொட்டியில் அலைந்துகொண்டிருந்தன. பழைய வாடிக்கைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சிட்டம்மாள் சாம்பலில் புரட்டி விராலை உரசிக்கொண்டிருந்தாள்.

“இன்னா மே இது! போர்ட்ல இன்னா கீது, நீ இன்னா விக்கிற?”

“போர்ட்ல எருமை கீது. அதையா வெட்டி விக்கறது? எடைக்கல்லை எட்து வையி, ஆளு நிக்குது.”

“பன்னண்டு வருசமா வெயில்ல நின்னு வாங்கனேன்,” என்றாள் வரிசையில் முதலில் நின்ற ராணியம்மாள். “இன்னிக்குத்தான்டி நெயல்ல வாங்கறேன். சண்டைய அப்பால வெச்சுக்குங்க.”

அவன் தராசைத் தூக்கிய நேரம் பார்த்து கிருஷ்ணசாமி வந்து நின்றார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“இன்னாப்பா பாண்டு, கடல் மீனுன்னியே. துள்ளிக்கினு கீதே?”

பாண்டுரங்கன் வாயைத் திறந்தான். புதுசாக வந்த ரகம் என்று சொல்லலாம். ஆக்சிஜன் பெட்டியில் வந்தது என்றும் சொல்லலாம். சிட்டம்மாள் தலை நிமிரவில்லை, ஆனால் அவள் கத்தி நின்றுவிட்டது. அதை அவன் பார்த்தான்.

“ஏரி மீனுங்க, மொதலாளி,” என்றான். “சாலவாக்கத்து ஏரி.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக்கூட ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

“அப்ப பெர்சா ஒரு விரால் போடு. மருமவப்புள்ள வந்துகிறாரு,” என்றார் கிருஷ்ணசாமி. சாவியைப் பற்றி அவர் பேசவில்லை. கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

தடை முடிந்து ஜூன் முதல் வாரம் வஞ்சிரம் வந்து இறங்கியது. பாண்டுரங்கன் நடுத்துண்டம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் வறுக்கச் சொன்னான். காசிமேட்டில் அவனை ஐஸ் உடைக்கத்தான் விட்டிருந்தார்கள். வஞ்சிரம் அவன் வாயில் படுவது அதுதான் முதல் தடவை. அது ஒத்துக்கொள்ளாமல் கழுத்திலிருந்து கணுக்கால்வரை தடித்துப்போய் இரண்டு நாள் படுத்துக் கிடந்தான்.

அந்த இரண்டு நாளும் கடை திறந்தே இருந்தது. அவன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.