சிசிலிக்குப் பன்னிரண்டு பேர்

இரத்தினசிங்கம் வைன் கிண்ணத்தைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே யோகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடிப்பதற்கென்றே கீழே நீளமாக ஒரு தண்டு வைத்துச் செய்திருக்கிறார்கள். மனிதர் அதை விட்டுவிட்டு, மேலே வைன் இருக்கும் இடத்தை ஐந்து விரலாலும் அமுக்கிப் பிடிப்பார், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பது போல. பிடித்துக்கொண்டு, "இதிலை டானின் கொஞ்சம் தூக்கல்" என்பார். சுற்றி நிற்கும் ஆண்கள் தலையாட்டுவார்கள். டானின் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முப்பத்தொரு வருடம் சிட்னியின் குடிநீர்க் குழாய்களைக் கட்டி மேய்த்த பொறியியலாளர் அவர். ஓய்வு பெற்ற மறுமாதம் வைனைப் பற்றி ஆறு கிழமை ஆன்லைன் படிப்பு ஒன்று படித்தார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கெலிவில் வீட்டுக் கராஜில் மாட்டினார். கீழே ஒரு குட்டி ஃபிரிட்ஜ், அதற்கு நீல லைட். பிறகு தன்னைப் போலவே வேலை ஓய்ந்து, பொழுதும் போகாமல், பெருமையும் குறையாமல் இருந்த ஐந்து சிநேகிதர்களையும் அவர்களுடைய மனைவிமாரையும் சேர்த்து 'வைன் சேர்க்கிள்' என்று ஒரு வட்சப் குழு தொடங்கினார். ஆறு தம்பதி, பன்னிரண்டு பேர்.

பெண்களும் அங்கத்தவர்கள்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நம்மவர் வீட்டு வழக்கம் தெரிந்ததுதானே. ஆண்கள் கராஜில் நின்று குடிப்பார்கள், பெண்கள் ஹோலில் இருந்து பிள்ளைகளின் படிப்பைப் பேசுவார்கள். வைன் சேர்க்கிள் வந்த பிறகு உலகம் முன்னேறிவிட்டது. பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம் ஹோலுக்கு அனுப்பப்பட்டது, இரண்டு ஐஸ்கட்டியும் போட்டு.

யோகா இந்தச் சேர்க்கிளில் அங்கத்தவர் இல்லை. அவள் ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் சின்னதாகப் பயண ஏற்பாட்டு நிலையம் வைத்திருப்பவள். சென்னை டிக்கெட், கொழும்பு டிக்கெட், காசி யாத்திரை, இதுதான் பிழைப்பு. ஆனால் அதற்கு முன்னால் பதினான்கு வருடம் ஹன்ரர் பள்ளத்தாக்கில் ஒரு வைன் தோட்டத்தில் வேலை பார்த்தவள். கிண்ணம் கழுவத்தான் சேர்ந்தாள். பிறகு கிண்ணத்தை நிரப்பினாள், பிறகு வந்தவர்களுக்கு விளங்கப்படுத்தினாள். கடைசி ஐந்து வருடம் பஸ்சில் வந்து இறங்கும் கூட்டத்தை அவளிடம்தான் அனுப்புவார்கள். எந்தப் பழம், எந்த மண், ஏன் இந்த வாசம் என்று அவள் சொல்லத் தொடங்கினால் வெள்ளைக்காரர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

நம்மவர்கள் மட்டும் வேறு மாதிரிப் பேசினார்கள். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அவள் தீபத்தைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பினால், பின்னால் நிற்பவர்கள் குசுகுசுக்கும் சத்தம் கேட்கும். "சாராயக் கடையில நிண்டவ." அதே வாய்கள்தான் இப்போது சேர்க்கிள் தொடங்கியிருக்கின்றன. யோகா அதை மறக்கவில்லை, மறக்க நினைக்கவும் இல்லை.

அதனால்தான் இரத்தினசிங்கம் ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, "தங்கச்சி, சிசிலித் தீவுக்கு ஒரு வைன் டூர் ஒழுங்குபடுத்தித் தாருங்கோ" என்று கேட்டபோது, அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். டிக்கெட் போடும் ஆளாக மட்டும் இருக்கமாட்டாள். வழிகாட்டியாகக் கூட வருவாள். எட்னா எரிமலைச் சரிவில், தோட்டத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு வைனையும் இவர்களுக்கு அவளே விளங்கப்படுத்துவாள். பின்னால் நின்று குசுகுசுத்தவர்கள் முன்னால் நின்று கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஓம் ஓம், அதுக்கென்ன" என்றார் அவர்.

எட்னாவில் கார்மேலா என்ற பெண்ணின் தோட்டம். அப்பன் விட்டுப்போன நிலத்தைத் தனியாளாக நடத்துகிறவள். யோகா அவளோடு நாலு மாதம் வீடியோவில் பேசி ஒவ்வொரு நாளையும் திட்டமிட்டாள். அங்கே பழம் பறிப்பது ஒக்டோபர் கடைசியில். ஆகவே இருபத்திரண்டு தொடக்கம் இருபத்தேழு வரை ஆறு நாள் தோட்டத்தில். தேதியைக் குழுவில் போட்டதும் பன்னிரண்டு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்தார்கள், விமானக் கட்டணத்தைப் பார்த்தார்கள், சிசிலியில் மழை பெய்யுமா என்று பார்த்தார்கள். தங்கள் தங்கள் குசினியில், ஃபிரிட்ஜ் கதவில், முருகன் படத்தோடு தொங்கிய கோயில் கலண்டரை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

யோகாவும் பார்க்கவில்லை. முருகனோடு அவளுக்கு ஒரு பிணக்கும் இல்லை. பட்டினி கிடக்கும் பழக்கம்தான் இல்லை.

முதல் தொலைபேசி ரஞ்சினியிடமிருந்து வந்தது. பல் வைத்தியர் விக்னராஜாவின் மனைவி.

"யோகா, ஒண்டு சொல்லுவன், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அந்த ஆறு நாளும் கந்தசஷ்டியடி அம்மா. நான் இருபத்தாறு வருசமாப் பிடிக்கிற விரதம். என்ர கிண்ணத்தில மட்டும் கிரேப் ஜூஸ் ஊத்தச் சொல்லுறீங்களோ? சிவப்பா இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது."

"தேதியை மாத்துவமே?"

"ஐயோ, வேண்டாம்! மற்றவை என்ன நினைப்பினம்? இவருக்குக்கூடத் தெரிய வேண்டாம். இந்த வருசம் விரதத்தை விடுவம் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சனாங்கள். இப்ப எனக்கு மனம் கேக்குதில்லை."

"மற்றவையும் சஷ்டிக்குக் கோயிலுக்கு வாறவைதானே, ரஞ்சினி அக்கா?"

"அவை சும்மா சூரன்போருக்கு வந்து படம் எடுக்கிறவை. உண்மையாப் பிடிக்கிறது நான்தான்."

யோகா சரியென்றாள். இரண்டு நாள் கழித்து விக்னராஜா அழைத்தார். பல் பிடுங்கும்போது பேசுவது போலத் தாழ்ந்த குரல். சஷ்டி, கிரேப் ஜூஸ், ரஞ்சினிக்குத் தெரியவே கூடாது, அவள் பாவம், இந்தப் பயணத்துக்கு ஆசைப்படுகிறாள். மற்றவர்களா? அவர்கள் படம் எடுக்க வருகிறவர்கள்.

பிறகு வெங்கட்ராமன். சேர்க்கிளில் இருந்த ஒரே தமிழ்நாட்டுக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "மேடம், இது நம்மளுக்குள்ளயே இருக்கட்டும். எனக்கு அந்த வாரம் ஒயின் வேண்டாம். சஷ்டி எங்க வீட்ல ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஆனா கையில கிளாஸ் இருக்கணும், இல்லன்னா இந்த யாழ்ப்பாணத்துக்காரங்க கிண்டலடிச்சே கொன்னுடுவாங்க."

ஐந்தாவதாகப் பேசியவர் யார் தெரியுமா? இரத்தினசிங்கம். டானின் புகழ் இரத்தினசிங்கம்! "தங்கச்சி, நான் தலைவர். நான் குடிக்காட்டில் மற்றவையின்ர உற்சாகம் போயிடும். அதாலதான் சொல்லுறன், கிரேப் ஜூஸை வைன் போத்திலுக்குள்ளேயே விட்டு வைக்கச் சொல்லுங்கோ. ராஜேஸ்வரிக்கும் மூச்சு விடாதேங்கோ."

மறுநாள் அவருடைய மனைவி இராஜேஸ்வரி அழைத்தாள்.

பத்து நாளில் பன்னிரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு இரகசியம், எல்லாம் ஒரே இரகசியம். ஒவ்வொரு வாயும் மற்றப் பதினொரு பேரையும் போலிப் பக்தர் என்றது. கடைசி ஆள் தொலைபேசியை வைத்த பிறகு யோகா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. சிரித்து முடிந்ததும் கார்மேலாவின் நினைவு வந்தது. கார்மேலா ஆறு தலைமுறைத் தோட்டத்தின் நல்ல போத்தில்களை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் இந்தக் கூட்டம் கிரேப் ஜூஸை மணந்து பார்த்து டானின் என்று சொல்லப்போகிறது. அதற்கு இடையில் நின்று யோகா வைன் விளங்கப்படுத்த வேண்டும். சீ என்று இருந்தது அவளுக்கு.

ஒவ்வொரு தடவையும் அவள் கார்மேலாவுக்கு எழுதினாள். ஒருவருக்குச் சாறு, பெயர் வேண்டாம், மற்றவருக்குத் தெரிய வேண்டாம். பிறகு இருவருக்கு. பிறகு ஐவருக்கு. கடைசியில் பன்னிரண்டு. சனிக்கிழமை கார்மேலாவின் பதில் வந்தது. யோகா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் இரத்தினசிங்கம் வீட்டில் கடைசிக் கூட்டம். முக்கியமான கூட்டம் என்பதால் பெண்களையும் கராஜுக்குள் அழைத்திருந்தார்கள். கதவோரமாக அவர்களுக்குப் பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தது. மட்டன் ரோல்ஸ் சுற்றி வந்தது. இரத்தினசிங்கம் கிண்ணத்தை வழக்கம்போல அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிசிலியின் எரிமலை மண்ணைப் பற்றிப் பத்து நிமிடம் பொழிந்தார். விக்னராஜா கண்ணை மூடி ரசித்தார். எட்னா வைனுக்காக நாக்கு இப்போதே ஊறுகிறது என்றார் வெங்கட்ராமன். அடடா, என்ன நாக்கு!

யோகா முந்தின இரவே முடிவெடுத்துவிட்டாள். இவர்களைக் காட்டிக்கொடுத்தால் பயணமே படுத்துவிடும். பேசாமல் இருந்தால் கார்மேலாவின் முகத்தில் விழிக்க முடியாது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"ஒரு சின்னப் பிரச்சினை" என்றாள் எழும்பி. "என்ர பிழைதான். அந்த ஆறு நாளும் கந்தசஷ்டி எண்டதை நான் கவனிக்கேல்லை. நான் விரதம் பிடிக்கிறனான். வழிகாட்டி வாயில வைக்காமல் மற்றவைக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது? ஒரு கிழமை தள்ளிப் போவம். பழம் பறிச்சு முடிஞ்சிருக்கும், ஆனால் புது வைன் தொட்டியில பொங்கிக்கொண்டிருக்கும். அதுவும் பாக்க வேண்டியதுதான்."

பன்னிரண்டு நெஞ்சிலிருந்தும் மூச்சு இறங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தார்களா?

"இந்தக் காலத்திலையும் விரதமோ?" என்று விக்னராஜா சிரித்தார்.

"பரவால்ல மேடம், உங்களுக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்" என்றார் வெங்கட்ராமன், பெரிய மனது வைத்து.

"நாங்கள் எல்லாம் அதையெல்லாம் எப்பவோ விட்டிட்டம்" என்றாள் ரஞ்சினி, கண் இமைக்காமல்.

யோகா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பரவாயில்லை. சிசிலியில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது இரத்தினசிங்கம் கையை உயர்த்தினார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. விரதம், கோயில் எண்டு இருக்கிற பொம்பிளை, வைன் விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் உங்களுக்கும் சங்கடம், கேக்கிறவைக்கும் சங்கடம். அந்த வேலையை நான் பாக்கிறன். நானும் முறையாப் படிச்சவன்தானே." சுவரில் இருந்த சான்றிதழை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "நீங்கள் பஸ், ஹோட்டல், சாப்பாடு, அதுகளைப் பாருங்கோ."

எல்லோரும் தலையாட்டினார்கள். பன்னிரண்டு தலையும்.

யோகாவுக்குக் காது சூடேறியது. சாராயக் கடையில் நின்றவள் என்று சொன்னதும் இவர்கள்தான், கோயில்காரி, வைனைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்வதும் இவர்கள்தான். பதினான்கு வருடம் படித்த வேலையை, ஆறு கிழமைச் சட்டம் போட்ட காகிதம் ஒன்று ஒரு ரோல்ஸ் தின்று முடிக்கும் நேரத்தில் பறித்துக்கொண்டு போகிறது. அதுவும் இவர்களுடைய மானத்தைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்யை வைத்தே.

"அந்தக் கார்மேலாவோட இனி நான் நேர கதைக்கிறன்" என்று தொடர்ந்தார் இரத்தினசிங்கம். "அவ கடைசியா அனுப்பின ஈமெயிலைக் குரூப்பில போட்டுவிடுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்."

"கட்டாயம் போடோணுமோ, அண்ணை?"

"இதென்ன கேள்வி? போடுங்கோ." தேதி தள்ளிப்போனதோடு தன் கிரேப் ஜூஸ் கதையும் முடிந்தது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

யோகா தொலைபேசியை எடுத்தாள். ஒரு கணம் தயங்கினாள். பன்னிரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒருவருடைய பெயரும் இல்லை. தலைவரே வேறு கேட்கிறார். அவள் அனுப்பினாள்.

கராஜில் பன்னிரண்டு தொலைபேசிகளும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. எந்தக் கடிதத்தையும் சத்தமாக வாசித்து, உடனுக்குடன் தமிழும் சொல்வது இரத்தினசிங்கத்தின் வழக்கம். மூக்குக்கண்ணாடியை மாட்டினார், தொண்டையைச் செருமினார்.

"அன்புள்ள யோகா, நீங்கள் கேட்டபடி பன்னிரண்டு விருந்தினருக்கும் வைனுக்குப் பதிலாக திராட்சைச் சாறு ஒழுங்கு செய்கிறோம். ஒருவர் குடிப்பது மற்றவருக்குத் தெரியாதபடி வைன் போத்திலிலேயே ஊற்றி வைக்கச் சொன்னீர்கள், அதுவும் செய்வோம். ஒரேயொரு கேள்வி. பன்னிரண்டு பேரும் சாறுதான் குடிக்கப்போகிறார்கள் என்றால்..."

அவருடைய குரல் இறங்கிவிட்டது. மிச்சத்தை இராஜேஸ்வரி தன் தொலைபேசியைப் பார்த்து, கதிரையில் இருந்தபடியே வாசித்தாள். "...நாங்கள் யாரிடமிருந்து மறைக்கிறோம்?"

ரஞ்சினி விக்னராஜாவைப் பார்த்தாள். விக்னராஜா ரோல்ஸைப் பார்த்தார். வெங்கட்ராமன் ஊறிய நாக்கை விழுங்கிக்கொண்டு நீல லைட்டைப் பார்த்தார். இரத்தினசிங்கம் மனைவியின் பக்கம் திரும்பி, "நீயுமோ?" என்றார். "பின்னே?" என்றாள் அவள். பிறகு இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதிரை ஆட ஆடச் சிரித்தாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழும்பி வந்தாள். கதவோரம் இருந்த பெண்கள் ஐந்து பேரும் அவளுக்குப் பின்னால் கதிரையோடு கராஜின் நடுவுக்கு வந்தார்கள்.

"தேதி ஒரு கிழமை தள்ளிப் போகட்டும்" என்றாள் இராஜேஸ்வரி. "நீங்கள் சொல்லுங்கோ யோகா, நாங்கள் கேக்கிறம். உவர் இருக்கட்டும்" என்று கணவனைக் கைகாட்டினாள்.

யோகா ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு போத்திலை எடுத்தாள். அவசரப்படாமல் மூடியைக் கழற்றினாள். முதலில் தனக்கு ஒரு வாய் அளவு ஊற்றி, மணந்து, ருசி பார்த்தாள். கெட்டுப்போகவில்லை. பிறகு எல்லாக் கிண்ணத்திலும் ஊற்றிக்கொண்டு வந்து, கடைசியாக இரத்தினசிங்கத்தின் முன்னால் நின்றாள்.

"முதல் பாடம், அண்ணை" என்றாள். "கிண்ணத்தைத் தண்டில பிடியுங்கோ."

அவர் சான்றிதழைப் பார்க்கவில்லை. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே இறக்கினார்.