சுண்ணாம்பு பூசிய கிளைகள்

அம்புரோஸ் இருபத்திரண்டு வருஷம் தோணியில் போனவர். கடைசி ஒன்பது வருஷம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றுக்கு அவரே தண்டல், அதாவது தலைவர். பாயும் ஆட்களும் அவர் சொல்லுக்கு அசையும். ஒருநாள் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து மூட்டைகள் விழுந்ததில் இடது பாதம் நசுங்கிப் போனது. அதோடு கடலும் முடிந்தது. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தேரிக்காட்டில் கொஞ்சம் செம்மண் நிலம் வாங்கி, மனைவி கிளாடிஸோடு அங்கேயே குடிவந்து, தொண்ணூறு முந்திரிக் கன்று வைத்தார்.

கடற்கரைக்காரன் கை மண்ணுக்கு ஆகுமா என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிரித்தது அவர் காதுக்கு வந்தது. முதல் இரண்டு கோடையும் நொண்டிக்கொண்டே குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். ஆறாவது வருஷம் மரங்கள் குடை விரித்த மாதிரி படர்ந்து நின்றன. சிரித்தவர்களே வந்து கன்று எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அம்புரோஸ் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் யாராவது அந்தப் பக்கம் போனால் வேலி ஓரமாக வந்து நிற்பார்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஒருநாள் காலையில் கிளாடிஸ்தான் அதை முதலில் பார்த்தாள். கிளை பிரிகிற கவட்டையில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் படிந்திருந்தது. நாலு நாளில் அது ரோஸ் நிறமாகி, பவுடர் அப்பியது போலப் பட்டையை மூடிக்கொண்டது. எண்ணிப் பார்த்ததில் பதினோரு மரங்களில் இருந்தது.

விவசாய இலாகாவிலிருந்து ராஜதுரை என்ற இளைஞர் அப்போது சைக்கிளில் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தார். இது பூஞ்சை நோய், மழைக்காலத்தில் காற்றிலும் சாரலிலும் பரவும் என்று எல்லோரிடமும் சொன்னார். நோய் பிடித்த இடத்துக்கு ஒரு முழம் கீழே கிளையை அறுத்து அங்கேயே எரிக்க வேண்டும். அறுத்த வாயில் சுண்ணாம்பும் மயில்துத்தமும் குழைத்துப் பூச வேண்டும். வியாழக்கிழமை வந்து ஒவ்வொரு தோட்டமாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு மரத்திலும் நோய் இருந்தது பெரிய கிளைகளில்தான். அறுத்தால் ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு மொட்டை தெரியும். அந்த வருஷம்தான் முதன்முதலாக நிறையப் பூக்கப் போகிறது என்று அம்புரோஸ் எதிர்பார்த்திருந்தார். புதன்கிழமை தேங்காய் நாரை எடுத்து அந்த ரோஸ் படலத்தையெல்லாம் தேய்த்து உதிர்த்தார். அதன்மேல் வெறும் சுண்ணாம்பைக் குழைத்து அடித்தார். சந்தேகம் வராமல் இருக்க நல்ல மரங்களுக்கும் அடித்தார். கிளாடிஸ் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாளியைத் தொடாமல் உள்ளே போய்விட்டாள்.

ராஜதுரை வந்து பார்த்தார். இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டதற்கு, கரையானுக்கு என்றார் அம்புரோஸ். தோட்டம் வைத்துக்கொண்டால் இப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ராஜதுரை சொல்லிவிட்டுப் போனது வேலிக்கு அப்பால் நின்ற அருணாசலவடிவுக்கும் கேட்டது.

வடிவின் தோட்டம் தென்புறத்தில் இருந்தது. நாற்பது மரம். அவள் புருஷன் சுடலைமாடன் சாகுபுரம் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். வாரத்துக்கு ஒருநாள்தான் வருவான். தோட்டம் முழுக்க அவள் பாடு. பத்து நாள் கழித்து அவள் வேலிப் படலருகே வந்து அம்புரோஸைக் கூப்பிட்டாள்.

“நம்ம மரம் ரெண்டுல அந்த ரோஸ் கலர் வந்திருக்கு அண்ணாச்சி. இது வந்தா வெட்டணும்னு ஆபீசர் முன்னாலயே சொன்னாரு. நீங்க சுண்ணாம்புதான அடிச்சிய? அது அடிச்சாப் போதுமா?”

வெட்டு என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் வெட்டினால் ராஜதுரையிடம் போய்ச் சொல்லுவாள். எங்கிருந்து வந்தது என்று அவர் வடக்கே திரும்பிப் பார்ப்பார். அம்புரோஸுக்கு அது உடனே தோன்றியது.

“சுண்ணாம்பே போதும், வடிவு” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய் அன்றைக்கே அடித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்புரோஸ் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனார். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொன்னார். சாமியார் என்ன பொய் என்று கேட்கவில்லை. பரிகாரமாகக் கொடுத்த ஜெபங்களை முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தார். உள்ளே போனபோது இருந்த பாரம் வெளியே வந்தபோதும் நெஞ்சில் அப்படியேதான் இருந்தது.

தை மாதம் சுண்ணாம்புக்கு அடியில் பட்டை வெடித்தது. இலைகள் மஞ்சளாகி, கிளை நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்து வந்தது. நாரால் தேய்த்து உதிர்த்ததே நோயைப் பரப்பிவிட்டது என்று அம்புரோஸுக்குத் தோன்றியது. அவர் மரங்களில் முப்பதை நோய் பிடித்துக்கொண்டது. வாடைக்காற்று நேரே வடிவின் தோட்டத்துக்குள்தான் அடித்தது. அவள் மரங்களில் பத்தொன்பது பூக்காமலே கருகின.

மாசியில் ஒரு சாயங்காலம் வடிவு ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தாள். உங்க மரமும் போச்சே என்று கிளாடிஸிடம் வருத்தப்பட்டாள். கிளாடிஸ் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பேச்சு வாக்கில் வடிவு அம்புரோஸிடம் தன் வீட்டு நிலைமையைச் சொன்னாள். ஆபீசர் பேச்சைக் கேட்காமல் இவளாகவே மரத்தைக் கெடுத்துவிட்டாள் என்று சுடலைமாடன் மூன்று வாரமாக அவளோடு பேசுவதில்லை. தோட்டத்தைத் தள்ளிவிட்டு சாகுபுரத்துக்கே வந்துவிடு என்று தன் அக்காளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

“நான் சொன்னேம்னு அவன்ட்ட சொல்லலியா?” என்று கேட்டார் அம்புரோஸ்.

“ஒங்க பேரச் சொன்னா ஒங்கள்ட்ட சண்டைக்கு வருவாரு. நல்லதுக்குன்னு சொன்ன மனுசன எதுக்கு இழுக்கணும்?”

அம்புரோஸ் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்தார். கால் வலித்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: பதினோரு மரம், நார், சுண்ணாம்பு, கரையான் என்று சொன்னது. அவர் முடித்தபின் வடிவு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் வேலிகிட்ட வந்து கேட்டேம்லா, அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

அவள் போய்விட்டாள். மோர் குடிக்கப்படாமல் இருந்தது.

அடுத்து வந்த லீவு நாளில் அம்புரோஸ் சுடலைமாடனைத் தேடிப் போனார். அவன் கத்துவான், அடிக்கக்கூடச் செய்வான் என்று நினைத்துக்கொண்டே போனார். அவன் முழுக்கக் கேட்டான்.

“மூணு வாரமா அவகிட்ட நான் ஒரு வார்த்த பேசல தெரியுமா?” என்றான். பிறகு, “ரம்பம் இருக்கா?” என்று கேட்டான்.

முதலில் வடிவின் தோட்டம், பிறகு அவருடையது. எட்டு நாள் அம்புரோஸ் அறுத்தார். சுடலைமாடன் லீவு நாளில் மட்டும் வந்து ஏறிக்கொடுத்தான். கிளாடிஸ் கிளைகளை இழுத்துப் போட்டு எரித்தாள். அம்புரோஸ் ராஜதுரைக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, கரையான் பொய்யை அவரிடமும் சொன்னார். அந்த இளைஞருக்கு முகம் சுருங்கியது. நானும் ஏறிப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மயில்துத்தம் கலக்கும் அளவைக் காட்டிக்கொடுத்தார். வடிவின் மரங்களில் எட்டு அடியோடு போயின. மிச்சம், அறுத்த இடத்துக்குக் கீழே சித்திரையில் துளிர்த்தன.

சுடலைமாடன் அவளைச் சாகுபுரத்துக்கு அழைக்கவில்லை. வழியில் பார்த்தால் அம்புரோஸிடம் இரண்டு வார்த்தை பேசவும் செய்தான். வடிவு பேசவில்லை. மோர்ச் செம்பைக் கிளாடிஸ் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவளிடம் மட்டும் நன்றாகப் பேசினாள்.

அடுத்த ஐப்பசியில் மழை தொடங்கி ஒரு வாரம் ஆனதும் அம்புரோஸ் வேலிப் படலருகே போய் நின்றார். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த வடிவு பார்த்துவிட்டாள்.

“ஒவ்வொரு கவட்டையா பாத்துட்டுப் போறேன்” என்றார் அவர். “நீயும் கூட நின்னு பாரு. நான் சொல்லுதத அப்படியே நம்ப வேண்டாம்.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து படலைத் திறந்துவிட்டாள். முதல் மரத்தில் அவர் குனிந்து பார்த்து நகர்ந்த பிறகு, அதே கவட்டையை அவளும் குனிந்து பார்த்தாள். இப்படியே முப்பத்திரண்டு மரத்தையும் இரண்டு பேரும் பார்த்து முடித்தார்கள்.