மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம்

என் வீட்டுக்காரரும் என் மகனும் பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவர்களைப் பேச வைக்கத்தான் நான் நியூசிலாந்து போனேன். ஊர் சுற்றப் போகிறாள் என்று சிவகாசி முழுக்கச் சொன்னார்கள். சொல்லட்டும். கடல் பார்க்கத்தான் ஆசையென்றால் தூத்துக்குடி பஸ் ஏறினால் போதாதா?

அவர் பெயர் நல்லசிவம். நாரணாபுரம் பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனி. மகன் மகேஷ்குமார், ஒற்றைப் பிள்ளை. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து ஒரு வருடம் அப்பாவோடு கம்பெனிக்குப் போனான். அந்த வருடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வெடித்தது. இவன் உதவிக்கு ஓடினான். திரும்பி வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, "எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்ப்பா" என்றான்.

"இந்தத் தொழில்தாம்லே ஒனக்குச் சோறு போட்டுச்சு."

"அதான் தொண்டையில நிக்குது."

அவ்வளவுதான். இரண்டும் ஒரே மண்டைக்கனம். ஒருத்தர் ஒரு படி இறங்கினால் குடும்பம் நடக்கும், இறங்குவார்களா? அவன் நியூசிலாந்து போய்விட்டான். வாராவாரம் போன் பண்ணுவான். நான் போனை அவர் பக்கம் நீட்டினால், "லோடு ஏத்துறாக, போகணும்" என்று எழுந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கூறுகெட்டவன் லோடு ஏற்றுகிறான்?

இந்தத் தீபாவளி முடிந்து கம்பெனி ஒரு மாதம் பூட்டிக் கிடந்தபோது, போவோம் என்றேன். மாட்டேன் என்றார். நான் சாப்பாட்டை நிறுத்தினேன். மசியவில்லை. சமையலை நிறுத்தினேன். விசாவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அங்கே சுற்றிப் பார்க்க வண்டி ஏற்பாடு மகனுடைய யோசனை. வீட்டையே தூக்கி வேனுக்குள் வைத்த மாதிரி ஒன்று. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. சோறு பொங்குகிற இடத்துக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு பலகை. சீ என்றிருந்தது எனக்கு.

"ஓட்டல்ல ரூம் போட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியதில்லம்மா" என்றான் மகேஷ். "இதுக்குள்ள எங்கன போயி ஒளிவாரு? பேசித்தானே ஆகணும்."

பேசினாரா? நன்றாகப் பேசினார், என் மூலமாக.

"சிலிண்டரத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கச் சொல்லுதானே, பயம் இல்லையான்னு கேளு."

"அது பாதுகாப்பாத்தான் இருக்குன்னு சொல்லும்மா."

"வளைவுல மெதுவா ஓட்டச் சொல்லு."

"அப்பாவ பெல்ட்டப் போடச் சொல்லும்மா."

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் என் தலைக்கு மேலே தபால் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் ரோட்டில் இறக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போயிருப்பேன், ஓட்டத் தெரிந்திருந்தால்.

ரோடு கடலை விட்டு விலகவே இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் செம்மறி ஆடு. நடுவில் மனுசரும் கிடையாது, டீக்கடையும் கிடையாது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. வயிற்றில் ஒரு கவலையை வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த அழகும் கண்ணுக்குள் இறங்காது. இருக்கன்குடி மாரியாத்தாளை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு சின்ன ஊரில் நிறுத்தியபோது பிள்ளைகள் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். "நவம்பர்ல இங்கயும் ஒரு வெடி நாள் உண்டும்மா. வாங்கி வச்சத மாசம் பூரா வெடிப்பாங்க" என்றான் மகேஷ். அவர் அண்ணாந்து பார்த்தார். "சீனாச் சரக்கு. கலரே நிக்கல" என்றார். அது என்னிடம் சொன்னது. ஆனாலும் அவன் காதில் விழுந்து, சிரித்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவன் சுட்ட விருதுநகர் புரோட்டாவில் இரண்டு கூடுதலாகத் தின்றார். எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. எதற்கு வந்ததோ, வராமலே இருந்திருக்கலாம்.

பிறகு அந்த வளைகுடாவுக்கு வந்தோம். வண்டிகள் தங்குகிற புல்தரை. எங்களைத் தவிர ஒரே ஒரு வண்டி நின்றது, ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும். போனுக்கு டவர் இல்லை. அங்கே மகேஷின் கூட்டாளி தவுபிக் படகோடு வந்து சேர்ந்தான். விருதுநகர்ப் பையன், இவனோடு வேலை பார்ப்பவன். சின்னப் படகு, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"மீன் புடிச்சிட்டு இருட்டுறதுக்குள்ள வந்துருவோம்மா. குழம்புக்குப் புளியக் கரைச்சு வைங்க" என்றான் தவுபிக்.

அவர் வண்டி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகேஷ் கிளம்பினவன் நின்றான். கொஞ்ச நேரம் மணலைப் பார்த்தான். பிறகு, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, "அப்பா, நீங்களும் வாங்களேன்" என்றான்.

ஐந்து வருடம் கழித்துப் பிள்ளை இறங்கி வந்துவிட்டான். இந்த மனுசன் என்ன செய்தார்? டயரையே பார்த்துக்கொண்டு, "எனக்குப் படகு ஒத்துக்காதுன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். படகு கண்ணை விட்டு மறையும்வரை நான் பொறுத்தேன். பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். "கல்லு மனசா ஒங்களுக்கு? பிள்ள தானா வந்து கூப்புடுதான், ஒரு வார்த்த சொன்னா ஒங்க கிரீடம் எறங்கிருமா?" கையில் கிடைத்த கரண்டியைப் புல்லில் வீசினேன். அவர் போய்க் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார்.

பொழுது சாய்ந்தது. வண்டிக்குள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே மடக்கு நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

"ஏ செல்வி, அங்கன பாரு" என்றார்.

கடல் மேலே, வெகு தூரத்தில், சிவப்பாக ஒரு வெளிச்சம் ஏறியது. உச்சிக்குப் போய் வெடிக்கவில்லை. அப்படியே நின்று எரிந்தது. காற்றில் மெல்ல ஒதுங்கிக்கொண்டே இறங்கியது.

எங்கள் கம்பெனியில் புதுச் சரக்கு செய்தால், பொழுது சாயும் நேரத்தில் பின்னால் பொட்டலில் வைத்துச் சாம்பிள் பார்ப்பார்கள். மூன்று விடுவார்கள். ஒன்று நன்றாக வந்தால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். இரண்டாவது அதே மாதிரி வர வேண்டும். மூன்றாவதும் பிசகாமல் வந்தால்தான் சரக்கு தேறியது என்று அர்த்தம். அதுவரை அவர் வாயைத் திறக்க மாட்டார். ஆட்கள் எல்லாரும் வானத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிடித்திருந்தால் வலது கையை லேசாகத் தூக்குவார்.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "பாராசூட் ஐட்டம். எம்புட்டு நேரம் நிக்கி பாரேன்! இப்படி ஒரு செவப்ப நான் இதுவரைக்கும் எடுத்ததில்லட்டி. புகையே இல்ல பாத்தியா? யாரோ பணக்காரன் போட்ல பார்ட்டி வச்சிருக்கான்."

நானும் கோபத்தை மறந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. சொல்வதற்கு நாக்கு கூசுகிறது, கையைத் தட்டினேன்.

அது தண்ணீரில் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று ஏறியது. அதே உயரம், அதே சிவப்பு.

"ரெண்டாவது" என்றார். வலது கையைத் தூக்கினார். "அச்சு அசலா அப்பிடியே இருக்கு. மூணாவது வரட்டும்."

மூன்றாவதுக்காகக் காத்திருந்தோம். கடல் கறுத்துக்கொண்டே போனது. அவர் உட்காரவே இல்லை. "ரெண்டோட நிறுத்திட்டான் கஞ்சப்பய" என்று சிரித்தார். எத்தனையோ நாள் கழித்து அவர் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன்.

பிறகு கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "அவன் வரட்டும். இது எந்தக் கம்பெனிச் சரக்குன்னு விசாரிக்கச் சொல்லணும். அவன் படிச்ச படிப்புக்கு இத என்னன்னு பிரிச்சுச் சொல்லிருவான்."

"யாரு சொல்லணும்? நானா?"

"நானே கேக்கேன். ஏன், எனக்கு வாயில்லையா?"

நான் வண்டிக்குள் ஓடிவிட்டேன். சந்தோசத்தில் அழுதேன். மாரியாத்தா, கண்ணைத் திறந்துவிட்டாய் என்று சொல்லிக்கொண்டே புளியைக் கரைத்தேன். வெங்காயம் நறுக்கினேன். அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாசைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள், நான் பரிமாறுவேன் என்று நினைத்து அரிசியைக் கூடவே போட்டேன்.

சோறு வெந்து வடித்தாயிற்று. வெளியே முழுக்க இருட்டிவிட்டது. படகு வரவில்லை.

"வந்துருவான். மீன் சிக்கியிருக்கும்" என்றார் அவர். ஆனால் கரைக்கும் வண்டிக்கும் நடக்க ஆரம்பித்திருந்தார். நான் போய்ப் பக்கத்து வண்டிக் கதவைத் தட்டினேன். கிழவன் வந்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சன், போட், நோ கம்" என்றேன். அவன் கடலைக் காட்டி என்னவோ கேட்டான். எதையாவது பார்த்தீர்களா என்று கேட்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

அவர் முன்னால் வந்தார். கையைக் கீழேயிருந்து மேலே தூக்கிக் காட்டினார். விரல்களை விரித்து மெதுவாக இறக்கினார். "ரெட். வெரி குட் ரெட். டூ" என்று இரண்டு விரலைக் காட்டினார்.

கிழவன் முகம் வெளுத்துவிட்டது. எப்போது, எப்போது என்று கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டான். அவர் விளக்கு வைக்கிற நேரத்தைக் காட்டினார். கிழவன் செருப்புகூடப் போடாமல் வண்டியில் ஏறி, டவர் இருக்கிற பக்கமாகப் பறந்தான். கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள். 'ஹெல்ப்' என்ற ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. வெளிச்சம் ஏறின மாதிரி கையைத் தூக்கிக் காட்டி, அதுதான் 'ஹெல்ப்' என்றாள். இந்தக் கடலில் அப்படித்தான் காப்பாற்றக் கூப்பிடுவார்களாம்.

அவர் இரண்டு விரலைக் காட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. அப்படியே நின்றார்.

அந்தக் கிழவனுடைய வண்டியின் கதவு இருபதடி தூரத்தில் இருந்தது. இரண்டாவது ஏறும்போதே போய்த் தட்டி, 'பாருங்க, எம்புட்டு அழகு' என்று காட்டியிருந்தால்கூடப் போதும்.

ஹெலிகாப்டர் வந்தது. படகுகள் வந்தன. விடிகிற நேரத்தில் கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த தவுபிக்கை எடுத்தார்கள். மகேஷ் அங்கே இல்லை. அன்றைக்கு முழுக்கத் தேடினார்கள். மறுநாள் மழை. அதற்கு அடுத்த நாள் ஒரு போலீஸ்காரப் பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் பேசுவதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

அன்று எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். தவுபிக் கையெல்லாம் கட்டோடு படுத்திருந்தான். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"அலை ஒண்ணு பக்கவாட்டுல அடிச்சதுப்பா. எஞ்சினு நின்னுபோச்சு. தண்ணி உள்ள ஏறிக்கிட்டே இருந்துச்சு. கரையில ஒங்க வண்டி வெளிச்சம் தெரிஞ்சுச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மகேஷ்தான் ஆபத்துக்கு வச்சிருந்த ராக்கெட்ட எடுத்தான். மூணு இருந்துச்சு. ஒண்ணு நனைஞ்சுபோச்சு. ரெண்டையும் ஒங்களப் பாத்துத்தான் விட்டான்." அவன் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "'பயப்படாதலே, அங்கன எங்கப்பா உக்காந்திருக்காரு. எங்கப்பாவுக்குத் தெரியாத வெளிச்சம் இந்த ஒலகத்துல கெடையாது'ன்னான். அதையேதாம்ப்பா சொல்லிக்கிட்டு இருந்தான், படகப் புடிச்சிருந்த கை நழுவுற வரைக்கும்."

பிறகு தவுபிக் கேட்டான்: "நீங்க வண்டிக்குள்ள இருந்தீகளாம்மா? அதான் பாக்கலையா?"

"ஆமாய்யா. உள்ள இருந்தோம்" என்றேன். என்ன பாவம் வந்தாலும் வரட்டும், அவருக்காக அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"அவ பொய் சொல்லுதா" என்றார் அவர். "வெளியதான் இருந்தேன். ரெண்டையும் பாத்தேன். நல்லாருக்குன்னு கையத் தூக்குனேன்."

தவுபிக் அவரையே பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நர்ஸ் வந்து போகச் சொன்னாள். நான் எழுந்தேன். அவர் எழவில்லை. ஸ்டூலை இன்னும் கட்டிலோடு ஒட்டி நகர்த்தினார்.

"தம்பி, அவன் சொன்னத இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

தவுபிக் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவர் கேட்டார். மறுபடியும் சொல்லச் சொன்னார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே மறுபடியும் சொன்னான். நர்ஸ் என்னைப் பார்த்தாள், கூட்டிப் போ என்கிற மாதிரி. எப்படிக் கூட்டிப் போவேன்? மகன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க அவர் அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார்.