வருகிற அழைப்புக்காக ஒரு போன்

டெலிபோன் லைன்மேனுக்கு இருபது வருஷ சர்வீஸ். தெருமுனைக் கம்பிப் பெட்டியில் எந்த ஜோடிக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்தத் தலைக்கனம்தான் அவனைக் கவிழ்த்தது.

வியாழக்கிழமை, டாக்டர் வீட்டுக்கு இரண்டாவது லைன் உடனே வேண்டுமென்று மேலதிகாரி குதித்தார். அந்தத் தெருவில் ஒரு ஜோடிகூட மிச்சமில்லை. அதற்கும் வழி உண்டு. டிஜிட்டல் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் போதும்; அது பேச்சை எண்களாக மாற்றி, ஒரே ஜோடியில் இரண்டு போன்களை எக்ஸ்சேஞ்சோடு இணைத்துவிடும். ஆனால் அரை நாள் வேலை. லைன்மேன் ஒரு குறுக்குவழி வைத்திருந்தான். எந்த நம்பரிலிருந்து மாதக்கணக்கில் யாரையும் கூப்பிடவில்லையோ, அந்த வீட்டு ஜோடியைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவான். புகார் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், பெரும்பாலும் வராது. அன்று அகப்பட்டது மாடித் தையல்காரியின் ஜோடி. மூன்று மாதமாக அதிலிருந்து ஒரு அழைப்புகூடப் போகவில்லை. காரியம் சீக்கிரமே முடிந்தது. டாக்டர் வீட்டில் ஆஹா ஓஹோ என்றார்கள். அவனும் பல்லை இளித்தபடி கேட்டுக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை அவளுடைய புகார்ச் சீட்டு அவன் கையிலேயே வந்து விழுந்தது. டிஜிட்டல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். மதியத்துக்குள் முறையாகப் பொருத்தி, மாடியேறி ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தான். லைன் வந்துவிட்டது.

"நல்லா இருப்பீங்க," என்றாள் தையல்காரி, நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கியபடி. "உக்காருங்க, தண்ணி குடிங்க."

"நீங்க யாருக்கும் போன் பண்றதே இல்ல போலிருக்கே?" என்று கேட்டான். தன் மேல் தப்பில்லை என்று காட்டிக்கொள்ளப் பார்த்தான், பாவி.

"நான் யாருக்குப் பண்ணப்போறேன்? அக்கா என்னைக்காவது பண்ணுவான்னுதான் வச்சிருக்கேன். ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. 'சனிக்கிழமை ஆறு மணிக்குப் பண்றேன், எடுத்தா எடுக்கட்டும், இல்லன்னா இத்தோட விட்டுடறேன்'னு சொல்லி அனுப்பியிருந்தா. அன்னிக்கு நானும் போன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன், மணியே அடிக்கல." அவள் லேசாகச் சிரித்தாள். "பரவால்ல. லைன் பழுதுன்னு போன்லயே அவளுக்குச் சொல்லியிருக்கும்ல? அவளே மறுபடி பண்ணுவா."

லைன்மேன் குடிப்பதைப் பாதியில் நிறுத்தினான். கம்பி கழன்றது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அக்காவின் காதில் மணி ஒழுங்காக அடித்துக்கொண்டே இருந்திருக்கும். தங்கை வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடலாம். அதுவும் வாய் வரைக்கும் வந்தது. தம்ளரை வைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சொல்லியிருக்காதும்மா. அவங்களுக்கு மணி அடிச்சிருக்கும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "லைன் தானாப் போகல. நான்தான் கழட்டி வேற வீட்டுக்குக் குடுத்தேன். யாரும் பேசாத போன்னு நெனச்சுட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் போனை இழுத்து, எதையும் பார்க்காமல் நம்பரைச் சுழற்றினாள். "அக்கா, நான்தான்," என்றாள். லைன் செத்திருந்ததைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரைக் கையால் பொத்தி அவனிடம் நீட்டினாள்.

"நான் சொன்னா சாக்குன்னு நெனைக்கிறா. நீங்க பண்ணத நீங்களே சொல்லுங்க."

எத்தனை வீட்டு ரிசீவரில் ஹலோ, ஹலோ என்று கத்திச் சோதித்தவன். இன்றைக்கு ரிசீவரை மெதுவாகக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"வச்சிடாதீங்கம்மா," என்றான். "லைனக் கழட்டினது நான்தான். உங்க தங்கச்சி சனிக்கிழமை போன் பக்கத்துலயேதான் இருந்திருக்காங்க."