நத்தைக் கட்டுரையின் நான்காவது பெயர்

அகல்யா எழுதிய கட்டுரையை நாற்பத்தொன்றாவது ஆள் மேற்கோள் காட்டிய செவ்வாய்க்கிழமை, அவள் முழுதாகக் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். அதற்கு முன்பே இடது கையும் பாதி முகமும் போயிருந்தபடியால் நெமிலிச்சேரியில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

கட்டுரை, ஆவடிப் பக்கத்து ஏரி நத்தைகளைப் பற்றியது. நான்கு வருடம் முழங்கால் சேற்றில் நின்று பொறுக்கியவள் அவள்தான். முதல் பெயர் வழிகாட்டி இருதயராஜுக்கு, அது வழக்கம். இரண்டாவது துறைத்தலைவர் ரகுநாதனுக்கு. அது ஆய்வகச் சாவி கொடுத்ததற்கு. மூன்றாவதாகக் கல்லூரித் தாளாளரின் மகன் கிரணையும் சேர்க்கச் சொன்னார்கள். கிரண் நத்தையைப் பார்த்தது செருப்புக்கடியில் மட்டும். "ஒரு பேர்தானேம்மா, போட்டுடு. உன் தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமா?" என்றார் இருதயராஜ். காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கேட்பது நியாயம். இங்கே கொசுறு தராசில் ஏறி உட்கார்ந்துகொண்டு காயை இறங்கச் சொன்னது. அகல்யா நான்காவது இடத்துக்கு இறங்கினாள்.

இருதயராஜுக்கு ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேரைத் திறக்கக்கூடத் தெரியாது. படித்த ஆய்வுகளையெல்லாம் அதில் சேர்த்துவைத்து, எந்தப் பத்திரிகை எந்த மாதிரி கேட்கிறதோ அந்த மாதிரி கடைசிப் பக்கப் பட்டியலை எடுத்துக் கொடுப்பது அகல்யாவின் வேலை. தன் தீசிஸுக்காக நத்தைக் கட்டுரையையும் அதில் ஏற்றி, கேட்ட மாதிரியைத் தேர்ந்து, தன் கையாலேயே பொத்தானை அழுத்தினாள். மூன்று பெயர் வந்தது. பிறகு 'மற்றும் பிறர்' என்று வந்தது. அழுத்திய விரலைக் காணோம்.

கொல்கத்தாவில் ஒருவர் மேற்கோள் காட்டினார், காது மடல் போனது. பிரேசிலில் ஓர் ஆய்வகம், இடது முழங்கை. இருபத்தைந்தாவது மேற்கோளுக்குக் கல்லூரியில் கேக் வெட்டினார்கள்; அவளுக்குக் கொடுத்த துண்டு அந்தரத்தில் நின்றது. உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு அவள் போனது நாற்பத்தொன்றுக்குப் பிறகு. மூன்று பேர் காலி நாற்காலியைப் பார்த்து 'ஆள் வரவில்லை' என்று எழுதிவிட்டு, நத்தைக் கட்டுரையைப் பாராட்டி, வேலையைக் கிரணுக்குக் கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து இருதயராஜ் வீட்டுக்கே வந்தார். புதுக் கட்டுரைக்குப் பட்டியல் வேண்டும்; பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது.

"பொண்ணு இல்லீங்களா?"

"ஊட்லதான் கீறா சார்," என்றாள் அம்மா சரசா. "இத்தினி நாளா உங்க கண்ணுக்குத் தெர்ல. இப்ப மட்டும் இன்னாத்துக்குத் தேடிகினு வந்தீங்க?"

லேப்டாப்பின் விசைகள் தாமாக இறங்கி ஏறின. பத்து நிமிடத்தில் பட்டியல் தயார். இருதயராஜ் டீயை உறிஞ்சியபடி, "ரொம்ப உதவிம்மா. இந்தத் தடவை நன்றியுரையில கண்டிப்பா உன் பேரைப் போட்டுடறேன்," என்று காலி நாற்காலியிடம் சொன்னார்.

திரையில் ஒரு வரி வந்தது: 'என்ன பேர் சார்?'

அவர் யோசித்தார். நத்தையின் லத்தீன் பெயர் சட்டென்று ஞாபகம் வந்தது. இது வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, லோக்கல் ட்ரெயினுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.

சரசா மூன்று டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தாள்.