தேனீக்களுக்கு ஒரு நாள் லீவு

வீரமலையிடம் ஒரு காரியத்தைச் செய்யாதே என்று சொல்லக் கூடாது. தாராளமாகச் செய் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் அவனாக யோசிக்க ஆரம்பிப்பான். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும் வள்ளிக்கண்ணுவுக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள், "அதுங்களுக்கு எதுக்குங்க லீவு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"ஏன், அதுங்க மாட்டைவிடக் கேவலமா? மாட்டுக்கே பொங்கலுக்கு ஒரு நாள் விடுறோம்" என்றான் வீரமலை. "நாளைக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாது. எந்தத் தொழிலாளியும் வேலை பார்க்கக் கூடாது. சட்டம்னா சட்டம்."

தொழிலாளி என்று அவன் சொன்னது புங்க மரத்தடியில் மரப்பெட்டிக்குள் இருந்த தேனீக்களை. அவனிடம் வேலை பார்க்க அவற்றைத் தவிர யாரும் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூசணியும் பரங்கியும் போட்டிருந்தான். பிறவி விவசாயி அல்ல. பாலக்கரைப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் லேத்து ஓட்டியவன். சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று அங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். பசி தாங்காமல் ஒரு நாள் எல்லோரும் திரும்பிப் போனபோது கேட் பூட்டியிருந்தது. சிலருக்கு மட்டும் அது திறந்தது. வீரமலைக்கும், வார்ப்புக்கு மர அச்சு செய்துகொடுத்த தச்சர் கலீல் பாய்க்கும் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு முசிறியில் வள்ளிக்கண்ணுவின் அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் ஒண்டியிருந்தார்கள். அண்ணி சோறு போட்டாள், ஒவ்வொரு வேளையும் ஒரு பெருமூச்சோடு போட்டாள். அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று வள்ளிக்கண்ணு காவிரியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நிலத்தில் முதல் வருஷம் கொடி தழைத்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பிஞ்சுதான் வைக்கவில்லை. பூவெல்லாம் அழுகி அழுகி விழுந்தது. நிலத்துக்காரரின் காரியஸ்தர் தர்மராஜ் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் பாருங்க. தைப் பொங்கலுக்குப் பரங்கி காய்ச்சுதுன்னா இருங்க, இல்லேன்னா வாழை போடுறவனுக்கு விட்டுடுவோம்" என்று சொல்லிப் போனார். கெட்ட மனுஷர் அல்ல. அதனாலேயே அவரைத் திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

கலீல் பாய்தான் வழி சொன்னார். திருச்சியில் நடந்த விவசாயக் கண்காட்சியில் தேனீப் பெட்டி ஒன்றைப் பார்த்திருந்தார். பூவுக்குப் பூ போய் உட்கார ஈ இல்லாததால்தான் பிஞ்சு நிற்கவில்லை என்று அங்கே சொன்னார்களாம். கண்ணால் அளவெடுத்து வந்து, பழைய தேக்குப் பலகையில் அதே மாதிரி ஒரு பெட்டி செய்தார். முன்னால் தேனீ போய்வர ஒரு கீற்று வாசல், பின்னால் காற்றுக்குக் கம்பி வலை போட்ட ஒரு துவாரம். இடிந்த சுவர்ப் பொந்து ஒன்றில் இருந்த கூட்டை வீரமலை கையெல்லாம் கொட்டு வாங்கிப் பிடித்துவந்து அதில் குடிவைத்தான். வீங்கிய கையோடு அவன் அன்று சிரித்த சிரிப்பை வள்ளிக்கண்ணு கேட் பூட்டிய நாளிலிருந்து பார்த்ததில்லை.

அந்த ஆடியிலேயே பூசணி காய்த்தது. ஆயுத பூஜைக்குத் திருஷ்டி சுற்றி உடைக்க ஊரெல்லாம் பூசணி வேண்டுமே, வண்டி வண்டியாகப் போயிற்று. இப்போது பொங்கலுக்கான பரங்கிக் கொடி பூ எடுக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பூ பிஞ்சானால் நிலம் நிற்கும். பிஞ்சாகாவிட்டால் முசிறி அண்ணியின் பெருமூச்சுதான். இந்தக் கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும். அதை வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை.

ஆயுத பூஜை அன்று விடியும்போதே வீரமலை குளித்துவிட்டான். ராத்திரி ஊறவைத்த துணியைச் சுருட்டிப் பெட்டியின் வாசலை அடைத்து, மேலே களிமண் பூசினான். பிறகு பெட்டியைத் தூக்கிவந்து வீட்டு வாசலில் கோலத்தின் நடுவில் கிழக்குப் பார்த்து வைத்தான். அதற்குள்ளேயே பூவுக்குக் கிளம்பிப் போய்விட்ட சில தேனீக்கள் திரும்பிவந்து, புங்க மரத்தடியில் பெட்டி இருந்த வெற்றிடத்தைச் சுற்றின.

"பாவங்க, கொஞ்சம் வெளியில நிக்குது" என்றாள் வள்ளிக்கண்ணு.

"அதெல்லாம் ஓவர்டைம் பாக்குற கேசு. கங்காணிக்கு நல்ல பேரு வாங்குற ஆளு எல்லாப் பட்டறையிலயும் இருப்பான்."

அவளும் சிரித்துவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "நாள் பூராவும் அடைச்சு வச்சா உள்ள புழுங்காதா?"

"ஆவணியில விடாம மழை பேஞ்சுதே, ஒண்ணாவது வெளியில வந்துச்சா? உள்ளயே கம்முனு கெடந்துச்சு. அப்ப செத்தா போச்சு?"

அவன் சொன்னதும் உண்மைதான். மழையில் வாசல் திறந்திருந்தது என்பதும், அன்று வெயில் இல்லை என்பதும் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பட்டறையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று அவனுக்கு அத்துப்படி. லேத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, பட்டை போட்டுப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, பட்டுத்துணி சாத்துவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் மட்டும் மெஷின் முதலாளியுடையது இல்லை, தன்னுடையது என்று வீரமலைக்குத் தோன்றும். அதில் ஒன்றையும் குறைக்காமல் இந்தப் பெட்டிக்கும் செய்தான். திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம். பரங்கிப் பூவிலேயே ஒரு மாலை. பொரி, கடலை, சுண்டல். தேனீக்கள் குடிக்க ஒரு தட்டில் வெல்லத் தண்ணீர்கூட வைத்தான். கடைசியில் தன் கல்யாணப் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துவந்து, பெட்டியைச் சுற்றி ஒன்றுக்கு இரண்டாக இறுக்கிச் சாத்தினான். பின்பக்கத்து வலை அதற்குள் மறைந்தது.

கற்பூரம் காட்டும்போது அவன் கண் கலங்கியிருந்தது. வள்ளிக்கண்ணு பார்த்தும் பார்க்காததுபோல் கும்பிட்டாள். கேலி செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மனுஷனுக்குக் கும்பிட ஒரு கருவி வேண்டியிருக்கிறது.

உச்சி வெயிலில் கலீல் பாய் வந்து சேர்ந்தார். பட்டறை நாட்களிலும் பூஜைக்கு அவர் வரிசையில் நிற்பார், பொரிப் பொட்டலத்தை முதலில் பிரிப்பவரும் அவர்தான். பெட்டி வாசலில் வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஓர் இரைச்சல் வந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது தூரத்தில் கேட்குமே, அப்படி.

"என்னப்பா மலை, சத்தம் ஜாஸ்தியா இருக்கே?"

"பூஜை பாய்! ஒரு நாள் லீவு விட்டா சத்தம் இருக்காதா? நமக்கு விட்டிருந்தா நாம எப்படிச் சத்தம் போட்டிருப்போம்!"

கலீல் பாய் சிரித்து, பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பெட்டியில் காது வைத்துக் கேட்டுவிட்டு, லட்சுமியே பாடுகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான உயிர்கள் காற்றுக்காக இறக்கையை அடித்து அடித்து மாய்ந்துகொண்டிருந்தன. அதை எல்லோரும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாயும்போது சத்தம் அடங்கியது.

"தூங்குதுங்க போல" என்றாள் வள்ளிக்கண்ணு.

"தூங்கட்டும். பொறந்ததிலேருந்து தூங்கியிருக்காது" என்றான் வீரமலை. இந்த உலகத்தில் யாருக்கோ தான் ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தி அவன் குரலில் இருந்தது.

மறுநாள் காலை மறுபூஜை. கற்பூரம் காட்டிவிட்டு அங்கவஸ்திரத்தை அவிழ்த்தான். அடிப்பக்கம் பட்டு ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. எறும்பு சாரை கட்டியிருந்தது. களிமண்ணைக் கொத்தி, துணியை உருவி, "ஷிஃப்டு ஆரம்பிச்சாச்சு, வாங்கடா" என்றான். ஒன்றும் வரவில்லை. வாசல் வழியாகத் தேன் கறுப்பாக ஒழுகியது. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு தேனீ வந்தது, அதற்கும் உயிர் இல்லை.

மூடியைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உருகிச் சரிந்த அடைகளுக்குக் கீழே கூட்டம் முழுவதும் தேனில் ஊறிக் கிடந்தது. பெரும்பாலானவை வாசலுக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன, துணியைக் கடித்துப் பார்த்திருந்தன.

வள்ளிக்கண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சேதி கேட்டு வந்த கலீல் பாய் பெட்டியைத் தடவிப் பார்த்தார். தான் அடித்த ஆணியில் குறை இருக்கிறதா என்று தேடுவதுபோல் தேடினார். "காத்துக்குத்தான்ப்பா அந்த வலை..." என்று ஆரம்பித்தவர் வீரமலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அவங்க நம்மள வெளியில வச்சுப் பூட்டினாங்க பாய்" என்றான் வீரமலை. "வெளியில நின்னோம், கத்தினோம், இன்னும் உசுரோட இருக்கோம். நான் உள்ள வச்சுப் பூட்டிட்டேன். பூட்டிட்டு பொரி தின்னேன்."

பெட்டியைக் கழுவிப் புங்க மரத்தடியில் பழைய இடத்திலேயே வைத்தார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பொருள் இருந்த இடத்தில் வைப்பது ஒரு பழக்கம்.

அப்போது பரங்கிக் கொடிப் பக்கமிருந்து அந்தச் சில தேனீக்கள் வந்தன. நேற்று வெளியில் நின்றுவிட்ட கூட்டம். ராத்திரி மரத்தில் ஒண்டியிருந்துவிட்டு, காலையில் பூ விரிந்ததும் வேலைக்குப் போயிருக்கின்றன. பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் மகரந்தம் உருண்டை உருண்டையாக இருந்தது. வாசலில் இறங்கி, வழக்கம்போல் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. ராணி இல்லாத வீடு, அடை இல்லாத வீடு. கொண்டுவந்ததை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு முதல் தேனீ வாசல் விளிம்புக்கு வந்து இறக்கையை உதறியது.

வீரமலையின் கை சட்டென்று நீண்டது. கீழே கிடந்த அதே துணியை எடுத்து வாசலை அடைக்கப் போனான். "போயிடும் வள்ளி, இதுவும் போயிடும்!"

வள்ளிக்கண்ணு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க" என்றாள். "விட்டுடுங்க, சாமி."

துணி அவன் கையிலிருந்து நழுவியது. தேனீக்கள் ஒவ்வொன்றாகப் பறந்து, கொள்ளிடத்துப் பக்கம் போயின. ஒன்றும் திரும்பவில்லை.

அதன்பின் கொஞ்ச நாள் வீரமலை காலையில் எழுந்து, பூவுக்குப் பூ போய் விரலால் தடவிக்கொண்டிருந்தான். லேத்துப் பிடித்துத் தழும்பேறிய கை அது. தொட்ட இடத்தில் இதழ் கிழிந்தது. கொடி தழைத்துப் பூத்தது, பூ விழுந்தது. தர்மராஜ் வந்து கேட்பதற்கு முன்பே வள்ளிக்கண்ணு பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள்.

முசிறி பஸ்ஸில் வீரமலை மடியில் காலிப் பெட்டி இருந்தது. அதைப் போட்டுவிட்டு வாங்க என்று அவள் சொல்லவில்லை. அதன் வாசலில் அவன் கட்டை விரலை வைத்திருந்தான். மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்பவனைப் போல, ஊர் வரும்வரை எடுக்கவே இல்லை.