பத்து வருஷ பேட்டரி

மின்மீட்டர் பழுதுபார்ப்பவர் சாப்பாட்டு டப்பா அளவேயுள்ள இரும்புப் பெட்டிக்குள் ஏழு வருடம் இருந்தார். பெட்டி அவரே செய்தது. எங்காவது பெட்டியை ஒளித்துவைத்து ஜிபிஎஸ் பார்த்துத் தேடும் விளையாட்டுக்கு அந்த ஊரில் ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவருக்கு ஒரு தொப்பியும் விசிலும் இருந்தன. "என் பெட்டியில பேட்டரி பத்து வருஷம் வரும்" என்று மீட்டர்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கான எலக்ட்ரானிக்ஸ் கிட் ஒன்றை வாங்கி, மின்சாரத்தைத் தின்னும் தண்டங்கள் என்று விளக்கையும் பஸ்ஸரையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மீதியைப் பெட்டிக்குள் பொருத்தினார். பொத்தானை அமுக்கினால் மட்டும் சிப் கண்விழிக்கும். ஜிபிஎஸ் பார்த்து, சரியான இடம் என்றால் பூட்டைத் திறக்கும், இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடும். பேட்டரி தீரும்போது கடைசி மூச்சில் பூட்டைத் திறந்துவிடும்.

ஒரு ஞாயிறு காலை, ஆடிய வயரைப் பற்றவைக்கத் தலையை உள்ளே விட்டார். தோள் போயிற்று, இடுப்பு போயிற்று, மூடி சாத்திக்கொண்டது. டீயோடு வந்த மனைவி செருப்பை மட்டும் பார்த்தாள். அக்கா வீட்டுக்குப் போக இருவருக்கும் அன்று மதியம் ரயில். பை கட்டித் தயாராக இருந்தது.

"என்னங்க, உள்ளயா இருக்கீங்க?"

"வேற எங்க? பேசாம இரு, யோசிக்கிறேன்."

யோசித்ததில், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி அடித்திருந்தது தெரிந்தது. பெட்டி திறக்கவேண்டிய இடம் கப்பலே போகாத நடுக்கடல். வெட்டினால் உள்ளே இருப்பவரும் வெட்டுப்படுவார் என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். பேட்டரியைத் தீர்ப்பது ஒன்றுதான் வழி. ஸ்க்ரூ துளை வழியாக சூப் ஊற்றிய நேரம் போக, மனைவி பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சும்மா சும்மா அமுக்காதடி! சார்ஜ் வீணாகுது!"

"வீணாகட்டும்னுதானே அமுக்குறேன்!"

"பத்து வருஷம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் மானம் என்னாகறது?"

ஏழு வருடம் அவள் வாசல் தாண்டவில்லை. கட்டைவிரல் காய்த்துப்போயிற்று. அக்காவுக்குப் பேரன் பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்தான். கட்டிய பை கதவோரம் தூசி பிடித்தது. பெட்டிக்குள் இருப்பது யார் என்பதே சில நாள் அவளுக்குக் குழம்பும்.

பிறகு ஒரு புதன்கிழமை க்ளிக் என்றது. மூடி திறந்து ஒரு கை வெளியே நீண்டது. இழுக்கச் சொல்கிறார் என்று அவள் பிடித்தாள். அந்தக் கை அவள் பிடியை உதறியது.

"புது பேட்டரி எடு. மூணு வருஷம் முன்னாடியே தீர்த்துட்டியே, தலைவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவள் புது பேட்டரியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். மூடி சாத்திக்கொண்டது. பெட்டியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, பையைத் தட்டி எடுத்துக்கொண்டு, மதிய ரயிலில் அக்கா வீட்டுக்குப் போனாள்.

பெட்டி சங்கத்து அலமாரியில், விசிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலைவர் தினமும் தொப்பியைக் கழற்றிவிட்டு சூப் ஊற்றுகிறார். பொத்தானை யாரும் அமுக்குவதில்லை.